பகல் ஊரும் இராத்திரி ஊரும்

(ஜனத்தொகைக் கணக்கைப் பற்றி நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக் கொண்டிருப்பது ஜனக் கணக்கைப் பற்றிய ஒரு சிறு விஷயமாகும். "இதென்ன, தலை எண்ணுகிற காரியம் சர்க்கார் குமாஸ்தாக்களின் வேலையல்லவா? இதில் நமக்கென்ன இருக்கிறது?" என்று உங்களில் சிலர் நினைக்கக் கூடும். நமக்கு இருப்பதால்தான் பேசுகிறேன். எந்த ஊருக்கு எத்தனை குழாய், எத்தனை கக்கூஸ், எத்தனை வைத்தியர், எத்தனை பஸ் என்பதெல்லாம் இந்தத் தலைக் கணக்கின் மேல்தான் தீர்மானமாகிறது. கணக்கு எப்படியோ பங்கீடும் அப்படியே. ஆகையால் அந்தக் கணக்கு என்ன மாதிரி எடுக்கப்படுகிறது என்பதை நாம் தெரிந்து கொள்ள வேண்டியது அவசியமாகும்.

உங்கள் ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நான் கேட்டால், உடனே ஒரு எண்ணைச் சொல்லுவீர்கள். எத்தனை மணிக்கு இருக்கிற ஜனம் என்று திருப்பிக் கேட்டால் என்ன சொல்லுவீர்கள்? விடியற்காலை 3 மணிக்கு இருக்கிற ஜனமா, பகல் 11 மணிக்கு இருக்கிற ஜனமா? இரண்டும் ஒன்றுதான் என்று நினைப்பது கண்ணால் காண்பதற்கு விரோதமான நினைப்பாகும். நாள்தோறும் காலையில் ஊரை விட்டுப் புறப்படுகிற பஸ்ஸைப் பார்த்தவர்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

தூங்குகிற இடத்தில் எழுதப்படும் மனிதன்

இங்கிலாந்தில் 1841ம் வருஷத்துக் குடிமதிப்பு ஜூன் 6ந் தேதி இராத்திரியை வைத்து எடுக்கப்பட்டது. நம் நாடு முழுவதற்கும் ஒரே இராத்திரியில் முதல் முதல் கணக்கெடுத்தது 1881 பிப்ரவரி 17ந் தேதி. 1931ல் பிப்ரவரி 26ந் தேதி இராத்திரி. அந்த நாளைத் தேர்ந்தெடுத்த முறையைக் கவனியுங்கள். நிலவு வெளிச்சம் உள்ள இராத்திரியாகப் பார்த்தார்கள். திருவிழா, தீர்த்தம், கல்யாண முகூர்த்தம் இல்லாத நாளாகவும் பார்த்தார்கள். ஏன்? ஜனங்கள் அவரவர் வீட்டில் அகப்பட வேண்டும் என்பதற்காகத்தான். இந்த ஒரே இராத்திரி முறை 1941ல் கைவிடப்பட்டு, பல நாட்களில் எண்ணுகிற முறை வந்தது. 2011ல் எடுத்த கணக்கும் பிப்ரவரி 9 முதல் 28 வரை நடந்தது. வீடில்லாமல் தெருவில் படுப்பவர்களை மாத்திரம் 28ந் தேதி இராத்திரி தேடிப் போய் எண்ணினார்கள்.

முறை மாறினாலும் அடிப்படை மாறவில்லை. மனிதன் எங்கே படுக்கிறானோ அங்கே எழுதப்படுகிறான். எங்கே உழைக்கிறானோ அங்கே எழுதப்படுவதில்லை. இது பிசகு என்று நான் சொல்லவில்லை. ஒரு ஆளை இரண்டு தடவை எண்ணாமலிருக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. ஆனால் இந்த ஒரு கணக்கையே முழுக் கணக்கு என்று எடுத்துக் கொள்ளுவதுதான் பிசகு.

லண்டன் சிட்டியின் பிடிவாதம்

இதை முதல் முதல் பலமாக உணர்ந்தவர்கள் லண்டன் பட்டணத்தின் நடுவில் இருக்கிற 'சிட்டி' என்னும் சிறு பகுதியார்கள். சுமார் ஒரு சதுர மைல்தான் அதன் பரப்பு. பாங்கிகளும் கம்பெனிகளும் நிறைந்த இடம். 1861ல் அங்கே குடியிருந்தவர்கள் சுமார் 1 லட்சத்து 12 ஆயிரம் பேர். ரயில் வந்தது, வீடுகள் இடிக்கப்பட்டு ஆபீசுகளும் கிடங்குகளும் கட்டப்பட்டன, ஜனங்கள் வெளியே குடி போனார்கள். 1881ல் சுமார் 51 ஆயிரம், 1891ல் சுமார் 38 ஆயிரம், 1911ல் 20 ஆயிரத்துக்கும் குறைவு என்று சர்க்கார் கணக்கு இறங்கிக் கொண்டே போயிற்று. காகிதத்தைப் பார்க்கிறவன் அந்த இடம் பாழாகிப் போய்விட்டது என்றுதான் நினைப்பான்.

சிட்டியின் நகர சபையார் இதை ஒப்புக் கொள்ளவில்லை. 1866ல் தாங்களே பகல் கணக்கு ஒன்று எடுத்தார்கள். சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் பேர் பகலில் அங்கே இருந்தார்கள். 1881ல் எடுத்த பகல் கணக்கில் 2 லட்சத்து 61 ஆயிரம். 1891ல் 3 லட்சத்து 1 ஆயிரம். 1911ல் 3 லட்சத்து 64 ஆயிரம். இராத்திரிக் கணக்கு இறங்க இறங்க, பகல் கணக்கு ஏறியது. 1911ல் பகல் ஜனம் இராத்திரி ஜனத்தைப் போல் பதினெட்டு மடங்கு! செத்துப் போனதாகச் சொல்லப்பட்ட ஊர் உண்மையில் மூச்சுவிட இடமில்லாத ஊராயிருந்தது.

இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 1891ல் சிட்டியின் எல்லைகளில் ஆட்களை நிறுத்தி, ஒரு நாளில் உள்ளே நுழைகிறவர்களை எண்ணிப் பார்த்தபோது 11 லட்சத்துக்கு மேல் வந்தது. அப்படியானால் பகல் ஜனம் 11 லட்சமா? இல்லை. ஒருவனே நான்கு தடவை வந்து போனால் நான்கு என்று விழும். குறுக்கே கடந்து போகிறவனும் அதில் சேருவான். உள்ளே தங்கி வேலை செய்கிறவர்களைக் கட்டடம் கட்டடமாக எண்ணியதில்தான் 3 லட்சம் கிடைத்தது. ஆகவே பெரிய எண்ணாக இருப்பதாலேயே ஒரு எண் உண்மையாகிவிடாது. எதை எண்ணினாய், எப்படி எண்ணினாய் என்று கேட்க வேண்டும். உற்சவத்துக்குப் பத்து லட்சம் பேர் வந்தார்கள் என்று எவனாவது சொன்னாலும், நம் கட்சி மாநாட்டுக்கு ஒரு லட்சம் பேர் வந்தார்கள் என்று நம்மவனே சொன்னாலும், இந்தக் கேள்வியைக் கேட்கத் தவறாதீர்கள்.

இது பழங்கதையும் அல்ல. 2021ம் வருஷக் கணக்கில் அதே சிட்டியில் குடியிருந்தவர்கள் சுமார் 8,600 பேர். அங்கே வேலை பார்ப்பவர்கள் 5 லட்சத்துக்கு மேல். ஜப்பானில் டோக்கியோ நகரத்தின் சியோடா வட்டத்தில் 2015ல் இராத்திரி ஜனம் சுமார் 58 ஆயிரம். பகல் ஜனம் சுமார் 8 லட்சத்து 53 ஆயிரம். அதாவது பதினான்கு மடங்குக்கு மேல். அமெரிக்காவில் மன்ஹாட்டன் தீவுக்கு நியூயார்க் பல்கலைக் கழகத்தார் 2012ல் போட்ட கணக்குப்படி, குடியிருப்போர் 16 லட்சம். வேலை நாட்களில் பகலில் இருப்போர் சுமார் 39 லட்சம்.

கணக்குப் போடும் விதம்

பகல் ஜனத்தை எப்படித் தெரிந்து கொள்ளுவது? இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. இராத்திரி ஜனத்தை வைத்துக் கொள்ளுங்கள். பகலில் வெளியே போகிறவர்களைக் கழியுங்கள். உள்ளே வருகிறவர்களைக் கூட்டுங்கள். அவ்வளவுதான்.

ஒரு கிராமத்தை உதாரணமாக வைத்துக் கொள்ளுவோம். காகிதத்தில் 2,000 பேர். காலையில் மில் பஸ்ஸில் 500 பேர் போகிறார்கள். பக்கத்துப் பட்டணத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் பிள்ளைகள் 300 பேர். கொத்து வேலைக்கும் சந்தைக்குமாக 100 பேர். ஆகப் போனவர்கள் 900. செங்கல் சூளைக்கு வெளியூரிலிருந்து 150 பேரும், உபாத்தியாயர்கள், நர்சு, கடைக்காரர்கள் என்று 50 பேரும் வருகிறார்கள். ஆக 200. இரண்டாயிரத்தில் 900 போக 1,100. வந்த 200 சேர்த்தால் 1,300. அந்த ஊரின் பகல் ஜனம் இதுதான்.

தொகையை மாத்திரம் பார்க்காதீர்கள், ஆட்களையும் பாருங்கள். சூளைக்கு வந்தவர்கள் சூளையோடு நின்று விடுகிறார்கள். வீதியிலும் வீட்டிலும் மிஞ்சியிருப்பவர்கள் பெரும்பாலும் கிழவர்கள், கைக் குழந்தைகள், அவர்களைப் பார்த்துக் கொள்ளுகிற தாய்மார்கள், நோயாளிகள். பகல் 12 மணிக்குக் கூரையில் தீப்பிடித்தால் குடத்தைத் தூக்கிக் கொண்டு ஓடிவர யார் இருக்கிறார்கள்? இராத்திரிக் கணக்கைப் பார்த்து "2,000 பேர் உள்ள ஊராயிற்றே" என்று சொல்லுகிறவனுக்கு இது தெரியுமா?

இந்தக் கூட்டல் கழித்தலுக்கு வேண்டிய விவரம் ஜப்பானில் சுலபமாகக் கிடைக்கிறது. அங்கே குடிமதிப்பிலேயே எந்த ஊருக்கு வேலைக்கும் படிப்புக்கும் போகிறாய் என்று கேட்டு எழுதிக் கொள்ளுகிறார்கள். கடைக்குப் போகிறவர்களும் ஊர் சுற்றிப் பார்க்கிறவர்களும் அதில் சேர மாட்டார்கள்; அது அந்தக் கணக்கின் குறை. நம் நாட்டில் 2011ல், விவசாயமும் வீட்டுத் தொழிலும் அல்லாத வேறு வேலை செய்கிறவர்களை, வேலைக்கு எவ்வளவு தூரம் போகிறாய், எதில் போகிறாய் என்று கேட்டார்கள். எந்த ஊருக்குப் போகிறாய் என்று கேட்கவில்லை. பத்து மைல் என்றால் கிழக்கே பத்து மைலா, மேற்கே பத்து மைலா? ஒரு கேள்வி குறைந்ததால் பகல் கணக்கு முழுவதும் நின்று போய்விட்டது.

இப்பொழுது வேறு வழிகளும் வந்திருக்கின்றன. செல்போன் எந்தக் கம்பத்தோடு பேசுகிறது என்பதை வைத்து ஆட்கள் நடமாட்டத்தை மதிப்பிடுகிறார்கள். போர்ச்சுகல், பிரான்சு இரண்டு நாடுகளிலும் நூறு கோடிக்கு மேற்பட்ட பேச்சுப் பதிவுகளைக் கொண்டு 2014ல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. விடுமுறை மாதங்களில் பட்டணங்கள் குறைந்து கடற்கரைகள் நிறைவதை அதில் கண்ணாரக் காணலாம். அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் என்னும் இடத்து ஆராய்ச்சிசாலையார் 1998 முதல் உலகம் முழுவதையும் சுமார் ஒரு கிலோமீட்டர் சதுரங்களாகப் பிரித்து, ஒரு நாளின் 24 மணி நேரத்துச் சராசரிப்படி எங்கே எத்தனை பேர் என்று மதிப்புப் போட்டு வருகிறார்கள். தங்கள் தேசத்துக்கு மாத்திரம் பகல் வேறு, இராத்திரி வேறாகவே படம் போட்டிருக்கிறார்கள்.

ஆனால் தோழர்களே, இயந்திரம் சொல்லிவிட்டது என்பதற்காக நம்பிவிடுவதும், சாமியாடி சொல்லிவிட்டான் என்பதற்காக நம்பிவிடுவதும் ஒரே ஜாதியைச் சேர்ந்த மூடத்தனம்தான். இரண்டு போன் வைத்திருக்கிற பணக்காரன் இரண்டு ஆளாக விழுவான். போனே இல்லாத கிழவியும், தொட்டில் குழந்தையும், களை எடுக்கிற கூலிப் பெண்ணும் ஆளாகவே விழ மாட்டார்கள். ஆகவே போன் கணக்கைக் குடிமதிப்போடு ஒத்துப் பார்த்து, எந்த வயசுக்காரர், எந்த வகுப்பார் விட்டுப் போனார்கள் என்று சரிக்கட்டிய பிறகுதான் அது கணக்கு என்று சொல்லத்தகும். மதிப்பு என்றால் மதிப்பு என்றே சொல்ல வேண்டும். எந்த அனுமானத்தின் மேல் போட்டது என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். அறிவு நாணயம் என்பது இதுதான்.

விதியா? வேளையா?

இனி, இதில் உயிர் சம்பந்தப்பட்ட பாகத்துக்கு வருகிறேன்.

1934 ஜனவரி 15ந் தேதி பிற்பகல் சுமார் 2 மணிக்கு பீகாரிலும் நேபாளத்திலும் கொடிய பூகம்பம் ஏற்பட்டது. பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அப்பொழுது நம் நாட்டில் சுற்றுப் பிரயாணம் செய்து கொண்டிருந்த காந்தியார், திருநெல்வேலியிலே பேசும்போது, தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் அனுப்பிய தண்டனை இது என்னும் கருத்தை வெளியிட்டார். இது பகுத்தறிவுக்குப் பொருந்தாது என்று ரவீந்திரநாத் தாகூரே மறுத்து எழுதினார். தீண்டாமை மகா அக்கிரமம் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. அதை ருஜுப்படுத்தப் பூகம்பம் எதற்கு? தீண்டாமை செய்தவனும், அதனால் நசுக்கப்பட்டவனும் ஒரே சுவரின் கீழ் செத்தார்களே, இது என்ன தண்டனை?

அடுத்த வருஷம், 1935 மே 31ந் தேதி விடியற்காலை சுமார் 3 மணிக்கு குவெட்டா நகரத்தில் பூகம்பம். அளவில் பீகார் பூகம்பத்தை விடச் சிறியது. செத்தவர்களோ முப்பதினாயிரத்துக்குக் குறையாது. குவெட்டாக்காரர்கள் பீகார்க்காரர்களை விட மூன்று பங்கு பாவிகளா? பீகாரில் மார்கழி தை மாதத்துப் பிற்பகல். ஏராளமான ஜனங்கள் வயலிலும் வாசலிலும் இருந்தார்கள். குவெட்டாவில் ஊர் முழுவதும் மண் சுவர்களுக்குள் தூங்கிக் கொண்டிருந்தது. பூகம்பம் வெடித்த இடத்தின் நெருக்கமும், வீடு கட்டிய மாதிரியும் இதில் சேர்ந்த காரணங்கள்தான். வேளை ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பாவம் என்பது காரணமல்ல என்பதை நிச்சயமாகச் சொல்லுவேன்.

1993 செப்டம்பர் 30ந் தேதி விடியற்காலை 4 மணிக்குச் சற்று முன் மராட்டியத்தில் லாத்தூர்ப் பக்கம் பூகம்பம். கனத்த கல் சுவரும் மண் கூரையும் தூங்குகிறவர்கள் மேல் விழுந்து, பதினாயிரத்துக்குச் சற்றுக் குறைவானவர்கள் மாண்டார்கள். இதற்கு மாறாக 2005 அக்டோபர் 8ந் தேதி காஷ்மீர்ப் பூகம்பம் காலை 9 மணிக்குச் சற்று முன் வந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடங்களில் இருந்த நேரம். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அந்தக் கட்டடங்களிலேயே மாண்டார்கள். இராத்திரியானால் வீடு கொல்லுகிறது. பகலானால் பள்ளிக்கூடம் கொல்லுகிறது. கொல்லுவது கட்டடமே தவிர கடவுளுமல்ல, கிரகமுமல்ல.

அறிவுள்ளவர்கள் என்ன செய்தார்கள் பாருங்கள். 1933 மார்ச் 10ந் தேதி மாலை சுமார் 6 மணிக்கு அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் லாங் பீச் நகரத்தில் பூகம்பம். பல பள்ளிக்கூடங்கள் இடிந்து விழுந்தன. பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டபடியால் தப்பினார்கள். "கடவுள் காப்பாற்றினார்" என்று சொல்லி, அந்த ஊரார் சும்மா இருந்துவிடவில்லை. இதே பூகம்பம் சில மணி நேரம் முன்னே வந்திருந்தால் எத்தனை பிள்ளைகள் செத்திருப்பார்கள் என்று கணக்குப் பார்த்தார்கள். ஒரே மாதத்தில், பள்ளிக்கூடக் கட்டடங்களைப் பற்றிக் கண்டிப்பான சட்டம் செய்தார்கள். இன்றைக்கு அந்நாட்டு சர்க்கார் பூகம்ப நஷ்டத்தை மதிப்பிடும்போது விடியற்காலை 2 மணி, பிற்பகல் 2 மணி, மாலை 5 மணி என்று மூன்று வேளைக்கும் தனித்தனியே போடுகிறார்கள். முதலாவதில் ஜனங்கள் வீட்டில், இரண்டாவதில் வேலையிலும் பள்ளியிலும், மூன்றாவதில் ரஸ்தாவில்.

நம் பக்கத்துக்கே வருகிறேன். 2004 டிசம்பர் 26ந் தேதி காலையில் கடல் பொங்கியது. வேளாங்கண்ணியில் செத்தவர்களில் ஏராளமானோர் அந்த ஊர்க் கணக்கிலேயே இல்லாத யாத்திரைக்காரர்கள். கடலூர்ப் பக்கம் ஆக்ஸ்பாம் என்னும் உதவிச் சங்கத்தார் எடுத்த கணக்கில் செத்த பெண்கள் 391, ஆண்கள் 146. கடல் பெண்களை மாத்திரம் தேடிக் கொண்டா வந்தது? ஆண்களில் பலர் நடுக்கடலில் இருந்தார்கள். ஆழமான இடத்தில் அந்த அலை படகைக் கவிழ்ப்பதில்லை. பெண்கள் கரையில் மீனுக்குக் காத்திருந்தார்கள். பிள்ளைகளோடு வீட்டில் இருந்தார்கள். நீந்தவும் அவர்களுக்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. எந்த வேளையில் யார் எங்கே இருக்கிறார்கள் என்ற கணக்குத்தான் இங்கே உயிருக்கும் சாவுக்கும் கணக்காயிற்று.

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16ந் தேதி ஒரு பள்ளிக்கூடத்தில் தீப்பிடித்து 94 குழந்தைகள் வெந்து போனார்களே, குடிமதிப்பில் அந்தக் குழந்தைகளெல்லாம் அவரவர் வீட்டில் எழுதப்பட்டவர்கள். பகலில் அத்தனை பிள்ளைகள் அடைந்து கிடந்த கட்டடத்துக்கு வாசல் எத்தனை, மாடிப்படி எத்தனை, கூரை எதனால் வேய்ந்தது என்று கேட்பார் இல்லாமல் போயிற்று. இதைத் தலைவிதி என்று சொல்லுகிறவன், குற்றவாளிக்குச் சாட்சி சொல்லுகிறவனாவான்.

கை வேண்டும், ஆள் வேண்டாம்

இன்னொன்று சொல்ல வேண்டும். எல்லாரும் தங்கள் இஷ்டப்படியா பகலில் ஓரிடமும் இராத்திரி ஓரிடமுமாக இருக்கிறார்கள்?

தென் ஆப்பிரிக்காவில் 1923ல் செய்த சட்டமும், 1950ல் செய்த வட்டாரப் பிரிவினைச் சட்டமும் கறுப்பு மக்களைப் பட்டணத்துக்கு வெளியே ஒதுக்கின. பகலில் வெள்ளையர் வீட்டில் சமைக்கலாம். அவர்கள் சுரங்கத்தில் வெட்டலாம். இராத்திரியானால் தூரத்துச் சேரிக்குப் போய்விட வேண்டும். சட்டைப் பையில் பாஸ் இல்லாவிட்டால் சிறை. பாஸ் சட்டங்கள் 1986லும், வட்டாரச் சட்டம் 1991லும்தான் ஒழிந்தன. அமெரிக்காவிலும் சூரியன் மறைவதற்குள் கறுப்பர் வெளியேற வேண்டும் என்று எல்லையில் பலகை போட்டிருந்த ஊர்கள் இருந்தன.

இதைக் கேட்டு ஆச்சரியப்பட நமக்கு யோக்யதை உண்டா? ஊர் வேறு, சேரி வேறு என்று வைத்தவர்கள் நாம் அல்லவா? பகலெல்லாம் ஊரான் வயலில் இறங்கி நாற்று நட்ட கை, பொழுது சாய்ந்தால் ஊரான் தெருவில் இருக்கக் கூடாது என்றார்களே! சாஸ்திரத்தின் பேரால் நடந்த பகல் கணக்கும் இராத்திரிக் கணக்கும் அல்லவா அது? இன்றைய தினம் சென்னையில் ஆற்றங்கரைக் குடிசைகளை எடுத்து, அங்கிருந்தவர்களைக் கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று தூரத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்களே, பாத்திரம் விளக்குகிற வேலையும் சுமை தூக்குகிற வேலையும் கூடவே போயிற்றா? வேலை பட்டணத்துக்குள்ளே, தூக்கம் பட்டணத்துக்கு வெளியே, நடுவிலே பஸ் செலவும் பொழுதும் ஏழையின் தலையிலே. பகல் கணக்கும் இராத்திரிக் கணக்கும் பக்கம் பக்கமாகப் போட்டால், ஒரு சமூகம் யாருடைய கையை மாத்திரம் விரும்புகிறது, யாரை ஆளாகவே விரும்புகிறது என்பது வெட்டவெளிச்சமாகிவிடும்.

நாம் செய்ய வேண்டியது

சர்க்கார் செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. படித்த வாலிபர்கள் பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு ஊரின் பகல் கணக்கை ஒரு வாரத்தில் போட்டு விடலாம். யாருடைய பெயரும் ஜாதியும் வேண்டாம், தொகை போதும். காலையில் எத்தனை பேர் போகிறார்கள், எங்கே போகிறார்கள். எத்தனை பேர் வருகிறார்கள். பகலில் ஊரில் மிஞ்சுவது எத்தனை கிழவர், எத்தனை குழந்தை. சந்தை நாளில் எத்தனை பெண்கள் வந்து உட்காருகிறார்கள், அவர்களுக்குக் கக்கூஸ் எத்தனை. பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகள், வாசல் எத்தனை. இவைகளை எழுதிப் பஞ்சாயத்தின் முன் வையுங்கள். "இராத்திரிக் கணக்குப்படி இவ்வளவு குழாய் போதும்" என்று சொல்லுகிற அதிகாரியிடம் பகல் கணக்கைக் காட்டுங்கள். இரண்டு கணக்கையும் பார்த்த பிறகு அவர் என்ன சொல்லுகிறார் என்று பார்ப்போம்.

நான் சொன்ன எண்களையும் அப்படியே நம்ப வேண்டும் என்று கேட்டுக் கொள்ளவில்லை. உங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் ஒரு நாள் காலையிலும் மாலையிலும் நின்று எண்ணிப் பாருங்கள். உங்கள் கண்ணுக்கும் புத்திக்கும் பட்டதைக் கொள்ளுங்கள். நல்ல நேரம், கெட்ட நேரம் என்று பஞ்சாங்கத்தைப் பார்த்தது போதும். எந்த நேரத்தில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று பார்க்கப் பழகினால், அதுவே பல உயிர்களைக் காப்பாற்றும் என்று சொல்லி, என் பேச்சை முடித்துக் கொள்ளுகிறேன்.